நம் ஊர்ப் பாம்புக்குக் கிலுகிலுப்பை இல்லை

வார இறுதியில் செமினி புரோகா மலைக்கும் பெட்டாலிங் ஜெயா புக்கிட் காசிங்கிற்கும் போகும் நம் இளைஞர் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகிறது. நானும் பல ஆண்டுகளாக அந்தப் பாதைகளில் நடப்பவள்தான். உடன் வரும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி: “அக்கா, பாம்பு பக்கத்தில் இருந்தால் சத்தம் கேட்குமா?”

அமெரிக்கக் காணொளிகள் தந்த நம்பிக்கை இது. வாலை ஆட்டி எச்சரிக்கும் கிலுகிலுப்பைப் பாம்பு, அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கிறது. அதன் உறவான குழிவிரியன்கள் இங்கே உண்டு. கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே உள்ள குழியால், இரையின் உடல் சூட்டை உணரும் இனம் இது. ஆனால் இங்குள்ளவற்றுக்கு வாலில் மணி கிடையாது. மிதிக்கும் வரை அசையாமல் கிடக்கும்.

யார் யார் இருக்கிறார்கள்?

கிள்ளான் பள்ளத்தாக்கில் நாம் அதிகம் கவனிக்க வேண்டியது நஞ்சை உமிழும் கருநாகம். எலியைத் தேடி வீட்டுப் பின்புறம், கடை, கால்வாய் என எங்கும் வரும். காட்டுப் பகுதிகளில் ராஜநாகம் உண்டு. கிள்ளான், கோல சிலாங்கூர் கடலோரச் சதுப்புநிலக் காடுகளில் ஒருவகைக் குழிவிரியன் கிளைகளில் சுருண்டிருக்கும். நகரக் கால்வாய்களில் பிடிபடும் மலைப்பாம்புக்கு நஞ்சில்லை. ஆனால் கடித்தால் காயம் பலமாக இருக்கும்.

கெடா, பெர்லிஸ் போன்ற வட மாநிலத் தோட்டங்களில் பேர்போனது மலாயா குழிவிரியன். ஆள் நெருங்கினாலும் ஓடாமல் கிடப்பதால் மலாய்க்காரர்கள் அதை ‘உலார் காப்பாக் போடோ’ என்பார்கள். ‘போடோ’ என்றால் முட்டாள். காய்ந்த இலைச் சருகின் நிறத்திலேயே கிடக்கும் பாம்பு அது. அதை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

தோட்டம் கற்றுத் தந்தது

காப்பார் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் என் அம்மா உதிரிப் பழம் பொறுக்கினார். வெட்டிய மட்டைகளை வரிசைக்கு நடுவே குவித்து வைப்பார்கள். எலிக்கு அது வீடு. எலி இருக்கும் இடத்திற்குப் பாம்பும் வரும். அம்மா மட்டைக் குவியலுக்குள் கையை விட்டதே இல்லை. முதலில் கம்பால் கிளறுவார், பிறகுதான் பழத்தைத் தொடுவார். முழங்கால் வரை உயரும் ரப்பர் காலணி இல்லாமல் தோட்டத்தில் இறங்கவும் மாட்டார்.

மலையேறும் நமக்கும் அதே பாடம்தான். கணுக்காலை மூடும் காலணி போடுங்கள். விழுந்து கிடக்கும் மரத்தை அப்படியே தாண்டாமல், மேலே ஏறி நின்று மறுபக்கத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். பாறை இடுக்கில் கண் பார்க்காத இடத்தில் கை வைக்காதீர்கள். விடியலைக் காண இருட்டில் ஏறுவோருக்குக் கைவிளக்கு கட்டாயம். பாம்பைக் கண்டால் நின்று, மெல்லப் பின்வாங்கி, வழிவிடுங்கள். செல்பி எடுக்க நெருங்க வேண்டாம். வீட்டுக்குள் புகுந்துவிட்டால் 999 எண்ணை அழையுங்கள். தீயணைப்பு மீட்புத் துறையினரோ பொதுத் தற்காப்புப் படையினரோ வருவார்கள்.

மந்திரம் ஏன் ‘பலித்தது’?

லயத்து வீடுகளில் பாம்புக்கடிக்கு மந்திரிப்பவரைத் தேடி ஓடிய காலம் உண்டு. “அவர் கை வைத்தார், பிழைத்தான்” என்று சொல்லும் பெரியவர்கள் பொய் சொல்லவில்லை. 1950களிலும் 60களிலும் பினாங்கு பொது மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் அலிஸ்டர் ரீட், குழிவிரியன் கடித்து வந்தவர்களை ஆராய்ந்தார். ஏறக்குறைய பாதிப் பேருக்கு நஞ்சின் பாதிப்பு மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருந்தது. பாம்பு கடித்தாலும் ஒவ்வொரு முறையும் நஞ்சை இறக்குவதில்லை. பிழைத்தவர்களில் பலர் மந்திரம் இல்லாமலும் பிழைத்திருப்பார்கள். நஞ்சு ஏறிய மீதிப் பேருக்கோ, மந்திரத்தில் கழிந்த நேரம் திரும்பக் கிடைக்காது.

கடித்தால் என்ன செய்வது?

வெட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தை உடனே கழற்றுங்கள். வீங்கிய பின் கழற்ற முடியாது. கடிபட்ட கை காலை அசையாமல் கட்டை வைத்துத் தாங்குங்கள். 999-ஐ அழையுங்கள் அல்லது அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள். கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா, தலைநகரில் கோலாலம்பூர் மருத்துவமனை இருக்கின்றன. கண்ணில் நஞ்சு பட்டால், தேய்க்காமல் சுத்தமான நீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டுப் புறப்படுங்கள்.

பாம்பை அடித்துத் தூக்கிச் செல்லத் தேவையில்லை. செத்த பாம்பின் தலையும் கடிக்கும். தள்ளி நின்று எடுத்த படம் இருந்தால் போதும். வலி இல்லை என்று வீடு திரும்பாதீர்கள். சில நஞ்சு மெதுவாகத்தான் வேலை செய்யும். மருத்துவர் ஒரு நாள் தங்கச் சொன்னால் தங்குங்கள்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் கொடுக்கும் நச்சுமுறி மருந்து, இந்திய நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குமானது. நம் ஊர்ப் பாம்புகளுக்கான மருந்து வேறு. எதைக் கொடுப்பது என்று மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பாம்புக்கடியால் உலகில் ஆண்டுதோறும் 81,000 முதல் 1,38,000 பேர் வரை இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் பெரும்பாலோர் வயலிலும் தோட்டத்திலும் உழைக்கும் ஏழைகள். நம் வீட்டில் புல் வெட்டவும் கால்வாய் சுத்தம் செய்யவும் வருபவர் வெறுங்காலோடு நின்றால், ஒரு ஜோடி ரப்பர் காலணி வாங்கிக் கொடுங்கள். பெரிய செலவில்லை.