உஷார்! பங்க் கட்டிலை எண்ணி கேரவன் வாங்காதீர்கள்

சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கேரவன் வாங்கக் கிளம்பியிருக்கும் ஆஸ்திரேலியத் தமிழ்க் குடும்பங்களே, டெபாசிட் கட்டும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். யார்டுக்குள் நுழைந்ததும் உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "எத்தனை பேர் படுக்கணும்?" நீங்களும் "நாலு பேர்" என்பீர்கள். அதோடு லேஅவுட் முடிவாகிவிடும். முன்னால் குயீன் சைஸ் கட்டில், நடுவில் அடுப்பும் மேசையும், பின்கோடியில் மேலும் கீழுமாக இரண்டு பங்க், அதை ஒட்டிக் குளியலறை. பிள்ளைகள் பங்க்கில் ஏறிக் குதிப்பார்கள், இறங்கவே மாட்டேன் என்பார்கள். அந்த மகிழ்ச்சியிலேயே எழுபதாயிரம், எண்பதாயிரம் டாலருக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவோம்.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பாரம் எங்கே உட்காரப் போகிறது? ராத்திரி தீப்பிடித்தால் பிள்ளைகள் எந்த வழியாக வெளியே வருவார்கள்? இரண்டையும் தீர்மானிப்பது லேஅவுட். வாங்கிய பிறகு திரைச்சீலையை மாற்றலாம், மெத்தையை மாற்றலாம். பங்க்கையும் அச்சையும் இடம் மாற்ற முடியாது.

முதலில் பாரம். மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றிப் பழகியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். கேரவனுக்கும் அதே விதிதான். ஆனால் இது ஓடுவது மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில். முன்பாரம் காரின் டோ-பாலை அழுத்திக்கொண்டிருக்கும்வரை கேரவன் நேராகப் பின்தொடரும். மொத்த எடையில் ஏறக்குறைய 10 சதவீதம் டோ-பாலில் இறங்க வேண்டும் என்பது ஆஸ்திரேலியாவில் எல்லோரும் பின்பற்றும் கணக்கு. அது குறையக் குறைய வால் ஆடத் தொடங்கும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 2,900 கிலோ கேரவனில் டோ-பால் எடை 290 கிலோ இருக்கிறது என்று வையுங்கள். டோ-பாலிலிருந்து அச்சு 5 மீட்டர். அச்சுக்கு 4 மீட்டர் பின்னால், பம்பரில் ஒரு சைக்கிள் ரேக், நான்கு சைக்கிள்கள், எல்லாம் சேர்த்து 60 கிலோ. டோ-பாலில் உடனே 48 கிலோ குறைந்துவிடும். நெம்புகோல் கணக்கு, அவ்வளவுதான். கூடவே இன்னொன்றும் நடக்கிறது. அச்சிலிருந்து தள்ளித் தொங்கும் பாரம், ஆட ஆரம்பித்தால் அடங்க மறுக்கும். தூரம் இரண்டு மடங்கானால் அந்த முரட்டுத்தனம் நான்கு மடங்கு.

இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் இதைப் பரிசோதனை செய்தே பார்த்து 2009இல் வெளியிட்டார்கள். கேரவனின் மொத்த எடையைவிட, அந்த எடை எங்கே பரவியிருக்கிறது, டோ-பாலில் எவ்வளவு இறங்குகிறது, அச்சு எங்கே இருக்கிறது என்பவைதான் அதிவேகத்தில் நிலைத்தன்மையை அதிகம் பாதித்தன. "என் கார் பெரிசு, மூணரை டன் இழுக்கும்" என்ற தெம்பு இதில் உதவாது.

பின்னால் பங்க் இருந்தாலே ஆபத்து என்று நான் சொல்லவில்லை. காலியாக இருக்கும்போது தயாரிப்பாளர் அச்சைச் சரியான இடத்தில்தான் வைத்திருப்பார். சிக்கல் நாம் பொருளை ஏற்றும்போது வருகிறது. குடும்ப கேரவன்களில் கீழ் பங்க்கைத் தூக்கினால் பெட்டி போல ஆழமான இடம் இருக்கும். வெளியிலிருந்தும் அதற்கு ஒரு கதவு. விற்பவர் அதைத்தான் பெருமையாகத் திறந்து காட்டுவார். அந்த இடம் நம் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? அரிசிப் பை, பிரஷர் குக்கர், கிரைண்டர், பிள்ளைகளின் ஸ்கூட்டர், டயப்பர் கட்டு, மடக்கு நாற்காலிகள் எல்லாம் அங்கேதான் போகும். மேல் பங்க்கில் சூட்கேஸ்கள். பின் பம்பரில் சைக்கிள். பிள்ளைகள் தூங்கும் இடம்தான் பகலில் நம் கிடங்கு. அது கேரவனின் வால் நுனியில் இருந்தால், ஒவ்வொரு பயணத்திலும் நாமே பின்பாரம் ஏற்றிக்கொண்டு போகிறோம்.

ஹியூம் நெடுஞ்சாலையில் ஒரு பி-டபுள் லாரி உங்களை முந்தும்போதுதான் இது தெரியவரும். லாரி தள்ளும் காற்று முதலில் கேரவனின் வாலைத் தள்ளும், பிறகு உறிஞ்சும். பின்பாரம் ஏறிய வண்டி இடமும் வலமுமாக அடிக்கும். ஒவ்வொரு அடியும் முந்தையதைவிடப் பெரிது. அப்போது காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்கவே கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், டாஷ்போர்டில் இருக்கும் எலெக்ட்ரிக் பிரேக் கன்ட்ரோலரைக் கையால் அழுத்தி கேரவனின் பிரேக்கை மட்டும் போடுங்கள். அந்தப் பித்தான் எங்கே இருக்கிறது என்று கணவன், மனைவி இருவருக்குமே கண்ணை மூடிக்கொண்டு தெரிந்திருக்க வேண்டும்.

சரி, எல்லாவற்றையும் முன்னால் ஏற்றிவிடலாமா? அதுவும் வேண்டாம். முன்பாரம் மிஞ்சினால் காரின் பின்பக்கம் அமுங்கும், முன் சக்கரங்களின் பிடி குறையும், ஸ்டியரிங் லேசாகிவிடும். கனமானவை அச்சுக்கு மேலே, தரையோடு தரையாக இருக்க வேண்டும். அதற்கு இடம் இருக்கும் லேஅவுட்தான் நல்ல லேஅவுட். யார்டில் கேரவனுக்கு வெளியே சக்கரத்துக்கு நேராக நின்றுகொண்டு, உள்ளே அதே இடத்துக்கு நேராக நிற்கும் உங்கள் துணையிடம் கேளுங்கள்: "நீ நிக்கிற இடத்துல கீழ் அலமாரி இருக்கா?" நான் பார்த்த பல மாடல்களில் அங்கே இருப்பது மேசைக்குக் கீழே கால் நீட்டும் வெற்றிடம்தான்.

அடுத்தது, எவ்வளவு ஏற்றலாம் என்பது. கேரவனில் பதித்திருக்கும் தகட்டில் இரண்டு எண்களைத் தேடுங்கள். டேர் என்பது ஃபேக்டரியிலிருந்து வந்தபோது இருந்த வெறும் எடை. ஏ.டி.எம். என்பது எல்லாம் ஏற்றிய பிறகு தாண்டவே கூடாத எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நம் பங்கு. அது 400 கிலோ என்று வையுங்கள், பல குடும்ப கேரவன்களில் அதற்கு அக்கம்பக்கம்தான். 95 லிட்டர் தண்ணீர்த் தொட்டிகள் இரண்டு நிரம்பினால் 190 கிலோ போய்விட்டது. 9 கிலோ கேஸ் சிலிண்டர் இரண்டில் 18 கிலோ கேஸ். மிச்சம் 192. இதில்தான் ஆனெக்ஸ் கூடாரம், மேசை நாற்காலி, சைக்கிள்கள், தண்ணீர்க் குழாய், கருவிகள், நான்கு பேரின் துணிமணி, போர்வை, பாத்திரம், மளிகை எல்லாம் அடங்க வேண்டும். இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது அடங்காது. டீலர் பிற்பாடு மாட்டித் தரும் கூடுதல் பேட்டரியும் சோலார் பலகையும் டேரில் சேர்ந்திருக்காது என்பதை விற்பவரே சொல்வார் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள்.

அதனால்தான் "பிள்ளைகள் வளர்ந்துடுவாங்க, மூணு பங்க்காவே வாங்கிடலாம்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பதற்றமாக இருக்கிறது. ஒரு பங்க் கூடினால் மரம், மெத்தை, நீளம் எல்லாம் கூடும், ஏற்றும் உரிமை குறையும். கியா கார்னிவல் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். அதன் இழுக்கும் உச்சவரம்பு, எந்த மாடலானாலும், 2,000 கிலோவுக்கு மேல் இல்லை. டொயோட்டா க்ளூகருக்கும் அதேதான். குளியலறையும் பங்க்கும் உள்ள முழு உயரக் குடும்ப கேரவன்களில் பெரும்பாலானவை நிரம்பிய நிலையில் இதைத் தாண்டிவிடும். டோ-பாலில் இறங்கும் எடை காரின் சொந்தச் சுமைக் கணக்கிலும் கழியும் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். ஐந்து பேர் உட்கார்ந்த காரில் மேலும் மூன்று பெரியவர்கள் டிக்கியில் ஏறியது போன்ற பாரம் அது. எடை மீறிய வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க வாய்ப்பு உண்டு.

இப்போது தீ. கேரவன் மிகச் சின்ன இடம். பிளைவுட், நுரை மெத்தை, திரைச்சீலை என எல்லாமே எரியக்கூடியவை. நான் முதலில் சொன்ன அந்தப் பிரபலமான லேஅவுட்டை மறுபடி மனதில் கொண்டுவாருங்கள். பெற்றோர் ஒரு கோடியில், பிள்ளைகள் மறு கோடியில். நடுவில் கேஸ் அடுப்பு. கதவு ஒன்றே ஒன்று. அடுப்பில் தீப்பிடித்தால் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நடுவே தீ நிற்கிறது, கதவு பெற்றோர் பக்கம் இருந்தால் பிள்ளைகளுக்கும் கதவுக்கும் நடுவேயும் நிற்கிறது.

ஆகவே யார்டிலேயே இதைச் செய்யுங்கள். பங்க்கில் உங்கள் பிள்ளையைப் படுக்க வையுங்கள். பக்கத்து ஜன்னலைப் பிள்ளையையே திறக்கச் சொல்லுங்கள். பல ஜன்னல்களில் இரண்டு மூன்று தாழ்ப்பாள்கள், பெரியவர் விரலுக்கே இறுக்கமாக இருக்கும். திறந்துவிட்டால், அந்த வழியாக ஒரு உடம்பு நுழையுமா என்று பாருங்கள். பங்க் ஜன்னல்கள் சில, காற்றுக்காக வைத்த சின்னக் கண்ணாடிகள்தான். நீங்கள் வெளியே நின்று கை நீட்டிப் பிள்ளையை வாங்க முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்த மாடல் வேண்டாம், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும். தீயணைப்பான் கதவருகே இருக்க வேண்டும். புகை அலாரம் வேலை செய்கிறதா என்று அங்கேயே அழுத்திக் கேளுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரமும் தனியாக வாங்கி மாட்டுங்கள். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று கரி அடுப்பையோ பார்பிக்யூவையோ ஆனெக்ஸுக்குள் இழுத்து வைக்கவே கூடாது. அணைந்த மாதிரித் தெரியும் கரியும் அந்த விஷவாயுவைக் கக்கிக்கொண்டேதான் இருக்கும். அதற்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

மேல் பங்க்கில் 9 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் படுக்கக் கூடாது என்பது ஆஸ்திரேலியக் குழந்தைப் பாதுகாப்பு அமைப்புகளின் அறிவுரை. அப்படியானால் நான்கு வயதும் ஆறு வயதும் உள்ள பிள்ளைகளுக்கு மேலும் கீழுமாக பங்க் எதற்கு? கீழே அகலமான ஒரே படுக்கை, அல்லது எதிரெதிரே தாழ்வான இரண்டு படுக்கைகள் உள்ள லேஅவுட் போதுமே. மேல் பங்க் கட்டாயம் என்றால் டேப்பை எடுத்துச் செல்லுங்கள். வீட்டுப் பங்க் கட்டில்களுக்கான தரத்தில், தடுப்புக் கம்பி மெத்தையின் மேல்மட்டத்துக்கு மேலே குறைந்தது 16 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். கேரவனிலும் அதையே எதிர்பாருங்கள். சில மாடல்களில் மெத்தையைப் போட்டதும் தடுப்பு நான்கு விரல்கடைகூட மிஞ்சுவதில்லை.

கைக்குழந்தை இருந்தால் போர்ட்டபிள் கட்டிலையும் யார்டுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். வெட்கப்பட வேண்டாம். மேசையைக் கட்டிலாக மாற்றச் சொல்லி, எல்லோரும் ராத்திரி போலப் படுத்த பிறகு, அதை விரித்துப் பாருங்கள். பெரும்பாலும் அது நடைபாதையை அடைத்துக்கொண்டு, கதவுக்குக் குறுக்கே நிற்கும். பிறகு குழந்தையைப் பெரியவர் கட்டிலிலோ பங்க்கிலோ போடத் தோன்றும். கைக்குழந்தைக்கு அது பாதுகாப்பான படுக்கை இல்லை.

குழந்தை கேரவனிலேயே தூங்கிவிட்டது, எழுப்ப வேண்டாம், அப்படியே ஓட்டிவிடலாம் என்று ஒருபோதும் நினைக்காதீர்கள். ஓடும் கேரவனுக்குள் ஆள் இருப்பது சட்ட விரோதம்.

என் விருப்பத்தைக் கேட்டால், பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு, பங்க் அச்சுக்குப் பக்கத்தில் பக்கவாட்டில் அமைந்த, அடுப்பு கதவை அடுத்து இருக்காத, குட்டையான கேரவனைத்தான் சொல்வேன். உள் குளியலறையை விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை. ஹாலிடே பார்க்குகளில் குளியலறை உண்டு. குறையும் எடை உங்கள் உயிருக்கான இடைவெளி.

நுகர்வோர் ஆணையமான ஏ.சி.சி.சி. 2022இல் புதிய கேரவன்கள் பற்றி வெளியிட்ட அறிக்கையில், பதிலளித்தவர்களில் 80 சதவீதம் பேர் தாங்கள் வாங்கியதில் ஏதோ ஒரு குறை இருந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். வாய்ச்சொல்லை நம்பி வாங்கக் கூடாது. டேர், ஏ.டி.எம்., காலியாக இருக்கும்போது டோ-பால் எடை, டீலர் மாட்டும் ஒவ்வொரு பொருளின் எடை, எல்லாம் எழுத்தில் வரட்டும். "உங்க கார் தாராளமா இழுக்கும் சார்" என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

வாங்கியாயிற்று என்றால், முதல் விடுமுறைக்கு எல்லாவற்றையும் ஏற்றி, தண்ணீரை நிரப்பி, பிள்ளைகளையும் காரில் உட்காரவைத்து, பக்கத்து எடை மேடைக்குப் போங்கள். கார் தனியாக, கேரவன் தனியாக, இரண்டும் சேர்ந்து என மூன்று எடை. டோ-பால் எடையைப் பார்க்க ஒரு சின்ன எடைக்கருவி கடையில் கிடைக்கும். டோ-பாலில் எடை குறைந்திருந்தால், முதலில் இறக்க வேண்டியது பின் பம்பரில் இருக்கும் சைக்கிள்களை. அடுத்தது பங்க்குக்குக் கீழே இருக்கும் அரிசிப் பையை.