கவிழ்த்த கலமும் சுழலும் திகிரியும்

கற்பிட்டி என்றதும் நம்மிற் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அங்குள்ள ஒல்லாந்தர் கோட்டையே. மேற்கே கடலும் கிழக்கே புத்தளக் களப்பும் சூழ, வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் அந்த மணற்றரையில், 1667ஆம் ஆண்டு தொடக்கம் 1676ஆம் ஆண்டு வரை ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கட்டினர். நாம் இன்று எழுதப் புகுவது கோட்டையைப் பற்றியன்று. ஒரு கலத்தின் அடியைப் பற்றியே எழுதப் புகுகின்றோம். "சட்டியின் அடியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?" என்று நேயர்கள் நகைக்கக்கூடும். சற்றுப் பொறுத்தருளுமாறு வேண்டுகின்றோம்.

இரண்டு கலங்களை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். ஒன்று, கரையோர வீடுகளில் மீன்கறி காய்ச்சும் மண்சட்டி. அதன் அடி உருண்டையானது. அடுப்பின் மூன்று கற்களிடையே அது அசையாது அமரும். மணல் பரந்த முற்றத்தில் வைத்தாற் குழந்தை தாய்மடியில் இருப்பதுபோல இருக்கும். ஆனால் மேசைமீது வைத்தால் ஒரு பக்கமாகச் சாயும். அதனாலன்றோ நம் பாட்டிமார் வைக்கோலாலும் ஓலையாலும் புரிமணை செய்து அதன்மேற் பானை சட்டிகளை வைத்தனர்!

மற்றொன்று, ஒல்லாந்தர் கப்பல்கள் சீனத்திலிருந்தும் யப்பானிலிருந்தும் ஏற்றிவந்த வெண்பீங்கான் கிண்ணம். அதைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு வளையம் தெரியும். அவ்வளையத்தின்மேற் கிண்ணம் எங்கும் நேராக நிற்கும். இவ்வளையம் பெரும்பாலும் பின்னர் ஒட்டப்பட்டதன்று. கனத்த அடியிலிருந்து கடைந்து எடுக்கப்பட்டது. அவ்வாறு கடைவதற்குக் கிண்ணத்தைத் திகிரியின்மேற் கவிழ்த்து வைத்துச் சுழற்றல் வேண்டும். சுழலும் திகிரியில், ஈரம் முற்றும் உலராத மெல்லிய மட்கலம், வழுவாமலும் நெளியாமலும் எவ்வாறு நிற்கின்றது? இதுவே நம் கேள்வி.

நம்மவர் கண்ட வழி

நம் நாட்டுக் குயவருக்கு இக்கேள்வி எழவேயில்லை என்பது வியப்புக்குரியது. அவர்கள் திகிரியில் வனைவது பானையின் வாயையும் கழுத்தையும் கனத்த உடலையுந்தான். வனைந்ததும் நூலால் அறுத்தெடுத்து நிழலில் ஆறவிடுவர். அரைக்காய்ச்சலாக உலர்ந்தபின், உட்புறம் ஓர் உருண்டைக் கல்லை ஏந்தி, வெளிப்புறம் மரப்பலகையால் மெல்ல மெல்லத் தட்டுவர். கல்லுக்கும் பலகைக்கும் நடுவே மண் மெலிந்து விரியும். திறந்திருந்த அடி கூடி உருண்டு திரளும். வேண்டாத மண்ணைச் சீவி எறிவதற்குப் பதிலாக, அம்மண்ணையே தட்டிப் பரப்பிக் கலத்தைப் பெரிதாக்கும் சிக்கனம் இது. உருண்ட அடியில் மூலை முடுக்கு இல்லாமையால் நெருப்பின் சூடு ஒரே சீராகப் பரவும். கலம் வெடிப்பதும் குறையும்.

இம்மரபின் தொன்மைக்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. புத்தளத்துக்கு வடக்கே, இன்று வில்பத்து வனப் பூங்காவினுள் அடங்கியுள்ள பொம்பரிப்பில், இறந்தோரின் எலும்புகளை இட்டுப் புதைத்த பெருந்தாழிகள் கண்டெடுக்கப்பட்டன. 1924ஆம் ஆண்டில் ஹோகார்ட்டும், 1970ஆம் ஆண்டில் விமலா பெக்லியும் அங்கு அகழ்வு செய்தனர். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான கலங்களும் அங்குக் கிடைத்தன. தமிழகத்து ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு இவற்றை அறிஞர் ஒப்பிட்டுள்ளனர். கணவனை இழந்தாள் ஒருத்தி, தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாகச் செய்க எனக் குயவனை வேண்டுவதாக அமைந்த புறநானூற்றின் 256ஆம் பாட்டைப் படித்தவர்களுக்கு, அத்தாழிகள் வெறும் மண்ணாகத் தோன்றமாட்டா.

அடியை ஏன் கடைய வேண்டும்?

உருண்ட அடி அடுப்புக்கு ஏற்றது, மேசைக்கு ஏற்றதன்று. கோப்பை, கிண்ணம், தட்டு முதலியவற்றை வனையும்போது, பக்கச் சுவரைத் தாங்குவதற்காக அடியிலே மண் கனமாக விடப்படும். அதனை அப்படியே சூளையில் இட்டால் தீங்குகள் பல. கனத்த பகுதி மெதுவாகவும் மெல்லிய பகுதி விரைவாகவும் உலரும். உலரும்போது களிமண் சுருங்கும். ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் சுருங்காதிருந்தால் அடி பிளக்கும். கனத்த மண்ணுக்குள் ஈரம் எஞ்சியிருந்தாற் சூளைச் சூட்டில் அது ஆவியாகிக் கலத்தையே உடைத்துவிடும். இவற்றைத் தப்பினாலும், கையில் எடுத்தாற் கல்லைப்போலக் கனக்கும் கோப்பையை யார் விரும்புவர்?

ஆகவே அடியைக் கடைதல் அழகுக்காக மட்டுமன்று. கலத்தின் உயிருக்காகவும் ஆகும். அதற்குரிய பதம் அரைக்காய்ச்சற் பதம். விரலை வைத்தால் மண் ஒட்டக்கூடாது. நகத்தால் அழுத்தினால் அடையாளம் விழவேண்டும். இப்பதத்திற் கருவியை வைத்தால் மண் சுருள் சுருளாக வரும். தூளாக உதிர்ந்தால் காலம் கடந்துவிட்டது. கருவியில் அப்பிக்கொண்டால் இன்னும் காலம் வரவில்லை.

பிடித்து நிறுத்தும் வழிகள்

கலத்தைத் திகிரியில் நிறுத்தும் வழிகளுள் முதன்மையானவை நான்கு.

முதலாவது, நீர்ப்பிடிப்பு. திகிரித் தட்டைச் சிறிதே நனைத்து, கிண்ணத்தின் வாயை அதன்மேற் கவிழ்த்து அழுத்துவது. வாய் விளிம்பு தட்டையாகவும் அகலமாகவும் உள்ள கிண்ணங்களுக்கு இது போதும். நீர் மிகுந்தாற் கலம் வழுக்கும், விளிம்பும் குழையும்.

இரண்டாவது, மண்ணுருண்டைப் பிடிப்பு. கவிழ்த்த கலத்தைச் சுற்றி, சம தூரத்தில் மூன்று அல்லது நான்கு உருண்டைகளை வைத்து அழுத்துவது. இங்கே புதியவர் செய்யும் தவறு ஒன்றுண்டு. உருண்டையைக் கலத்தை நோக்கித் தள்ளலாகாது. திகிரித் தட்டை நோக்கிக் கீழே அழுத்தல் வேண்டும். மற்றக் கை கலத்தின் அடிமேல் இருந்து அதனை அசையாது காத்தல் வேண்டும். நாமும் முதன்முறை இத்தவறைச் செய்தோம். ஓர் உருண்டையைக் கடுமையாகப் பக்கவாட்டில் அழுத்த, கிண்ணம் நமக்குத் தெரியாமலே நடுவைவிட்டு விலகியது. திகிரியை விரைவாகச் சுழற்றியதும் அது எழும்பி, சுவரில் மோதி, மண்ணோடு மண்ணாயிற்று. அரைநாள் உழைப்பு அரைக்கணத்தில் அழிந்தது.

மூன்றாவது, மண்தட்டு. மென்மையான களிமண்ணைத் திகிரிமேல் மெல்லிய அடையாகப் பரப்பிச் சமப்படுத்தி, அதன்மேற் கலத்தைக் கவிழ்ப்பது. அடையின் ஈரப்பசையே விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். ஒரே அளவான பல கிண்ணங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கடைவதற்கு இது வசதியானது.

நான்காவது, மண்குடுவை. கழுத்துக் குறுகிய கூசா போன்ற கலத்தை வாயை ஊன்றி நிறுத்தினால் அது தள்ளாடும், கழுத்து முறியும். ஆகையால் இருபுறமும் திறந்த கனமான மட்குழாய் ஒன்றைத் திகிரியின் நடுவிற் பதித்து, கலத்தின் கழுத்தை அதனுள் இறக்கி, தோளை அதன் விளிம்பிற் சாரச் செய்வர். சூளையிற் சுட்ட குடுவையாயின், முதலில் நீரில் ஊறவிடுவர். இல்லாவிடில் அது கலத்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். விளிம்பில் மெல்லிய மண்திரி ஒன்றைச் சுற்றிவைத்தாற் கலத்தில் வடு விழாது. நம் பாட்டிமாரின் புரிமணையை நினைத்துப் பாருங்கள். இதுவும் ஒரு புரிமணையே. அது நிமிர்ந்த பானையைத் தாங்கியது. இது கவிழ்ந்த கலத்தைத் தாங்குகின்றது. இதற்கு எதிர்மாறாக, உருண்டு திரண்ட மண்மேடொன்றைத் திகிரியில் அமைத்து, அதன்மேற் கிண்ணத்தைத் தொப்பிபோற் கவிழ்ப்பதும் உண்டு. சீனத்துப் பீங்கான் தொழிலாளர் இவ்வழியிலே தேர்ந்தவர்கள். 1637ஆம் ஆண்டில் வெளிவந்த சொங் யிங்சிங்கின் கைத்தொழில் நூல், ஒரு கிண்ணம் முற்றுப்பெறுவதற்குள் எழுபத்திரண்டு கைகள் மாறுவதாகக் கூறுகின்றது. கவிழ்த்துக் கடையும் கை அவற்றுள் ஒன்று.

நடுவை அறிதல்

எவ்வளவு இறுகப் பிடித்தாலும், கலத்தின் நடுவும் திகிரியின் நடுவும் ஒன்றாகாவிட்டாற் பயனில்லை. கலம் அரைச் சென்ரிமீற்றர் விலகியிருக்கிறது என்று கொள்வோம். கருவி வட்டமாகவே வெட்டும். ஆகவே சுவர் ஒருபுறம் அரைச் சென்ரிமீற்றர் மிகுதியாகவும், எதிர்ப்புறம் அரைச் சென்ரிமீற்றர் குறைவாகவும் அமையும். சுவரின் கனமே அரைச் சென்ரிமீற்றர்தான் என்றால், ஒரு பக்கத்தில் ஓட்டை விழும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நடுவை அறியும் வழி எளிது. திகிரியை மெதுவாகச் சுழலவிட்டு, அசையாத கையில் ஊசியொன்றைப் பிடித்துக் கலத்தை மெல்லத் தீண்டல் வேண்டும். சுற்று முழுவதும் கோடு விழுந்தாற் கலம் நடுவில் நிற்கின்றது. ஒரு பக்கத்தில் மட்டும் கோடு விழுந்தால், அக்கோட்டின் மத்தியே வெளியே துருத்தி நிற்கும் பக்கம். திகிரியை நிறுத்தி, அவ்விடத்திலிருந்து எதிர்ப்பக்கம் நோக்கிச் சிறிது தள்ளி, மீண்டும் சோதிக்கவேண்டும். கைதேர்ந்தவர் திகிரியை நிறுத்தாமலே, சுழலும் கலத்தை உள்ளங்கையால் தாளம்போடுவதுபோலத் தட்டி நடுவிற் கொண்டுவருவர். அதைக் கண்டு மாணவர் ஏக்கமுற வேண்டியதில்லை. நிறுத்தித் தள்ளுவதும் அதே இடத்துக்கே கொண்டு சேர்க்கும்.

கடையும்போது இடக்கை விரலொன்று கலத்தின் அடி நடுவை மெல்ல அழுத்தியபடியே இருத்தல் வேண்டும். எல்லாப் பிடிப்புகளுக்கும் மேலான பிடிப்பு அவ்விரலே. வேகமும் அளவோடு இருத்தல் வேண்டும். கலத்தை வெளியே வீசும் விசை வேகத்தின் வர்க்கமாகப் பெருகும். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். நமது கிண்ணம் பறந்ததன் காரணம் இப்போது விளங்குகின்றதன்றோ?

பழந்திகிரியின் நுட்பம்

சுழலும் கலத்தில் நுட்பவேலை செய்தல் நம் பகுதிக்கு முற்றிலும் புதிது என்று எண்ணலாகாது. 1945ஆம் ஆண்டில் மோர்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தெடுத்த தட்டுகளின் உட்புற நடுவில், சிறு கீறல்கள் வட்டவட்டமாக நிரல்படச் செல்கின்றன. அத்தகைய தட்டுகள் அநுராதபுரத்திலும் கந்தரோடையிலும் கிடைத்துள்ளன. பொம்பரிப்பில் அகழ்ந்த அதே விமலா பெக்லி, இவ்வகைத் தட்டுகளின் காலத்தை வீலர் குறித்ததற்கு முன்னே கொண்டு சென்றார். அக்கீறல்கள் பல்சக்கரத்தால் உருட்டப்பட்டவை என்பர் சிலர். சுழலும் தட்டின்மேல் துள்ளித் துள்ளிப் பட்ட மெல்லிய தகட்டால் ஆனவை என்பர் வேறு சிலர். எதுவாயினும், வட்டங்கள் பிசகாது அமைய வேண்டுமானால், தட்டு திகிரியின் நடுவில் அசையாது நின்றிருத்தல் வேண்டும்.

இதனால் நாம் பெறுவது யாது? உருண்ட அடி குறைபாடன்று. அது அடுப்பையும் மணலையும் அறிந்தவரின் அறிவு. வளைய அடியும் ஆடம்பரமன்று. அது மேசையை அறிந்தவரின் அறிவு. அலுமினியமும் பிளாத்திக்கும் மண்கலத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்ட இந்நாளில், தட்டிச் செய்யும் கலையைக் கைவிடாமலே கடைந்து செய்யும் கலையையும் கற்கும் இளங்குயவருக்கு, சட்டியோடு கோப்பையையும் விற்கும் வழி திறக்கும்.

அடுத்தமுறை கையில் ஒரு கோப்பை கிடைக்கும்போது, தேநீரைக் குடித்து முடித்தபின் அதைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிவளையம் நடுவில் இருந்தால், ஒருவர் பொறுமையோடு அதனை நிறுத்திக் கடைந்திருக்கின்றார் என்று அறிக. நாமோ, நடுவில் நில்லாத ஒரு கிண்ணத்தின் துண்டை இன்றும் எறியாமல் வைத்திருக்கின்றோம்.