ஆச்சியின் பெயர்

சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி நண்பரின் தகப்பனார் காலமானார். அஸ்தி கரைக்க ஹரித்வார் சென்றபோது துணைக்கு நானும் போயிருந்தேன். சடங்கு முடிந்ததும் நண்பர் தம் பூர்வீக ஊரையும் குலத்தையும் சொல்லி விசாரித்து, தங்கள் குடும்பத்துக்குரிய பண்டாவைக் கண்டுபிடித்தார். பண்டா நீளமான ஒரு பேரேட்டைப் பிரித்தார். 'பஹி' என்று அதற்குப் பெயர். யாத்திரை வந்தவர்களின் பெயர்களும், வீட்டில் நடந்த பிறப்பு, திருமணம், இறப்பு விவரங்களும் தலைமுறை தலைமுறையாக அதில் எழுதப்பட்டு வருகின்றன. நண்பரின் கொள்ளுத் தாத்தா தம் கைப்பட எழுதிய இரண்டு வரிகள் அதில் இருந்தன. நண்பர் கண் கலங்கிவிட்டார். தகப்பனாரின் மறைவை அதன் கீழே எழுதிக் கையெழுத்திட்டார்.

பண்டா என் பக்கம் திரும்பி, "உங்கள் வம்சம்?" என்றார். அப்பா பெயரைச் சொன்னேன். தாத்தா பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் ஓடவில்லை. தில்லிக்குத் திரும்பும் வழியில்தான் இன்னொன்று உறைத்தது. அப்பாவைப் பெற்ற ஆச்சியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆச்சிக்கு ஆச்சி என்பதைத் தவிர வேறு பெயர் இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

அந்தச் சமயத்தில் இங்குள்ள தமிழன்பர்கள் சிலர் ஞாயிறுதோறும் கூடி, நம்மவர் குடும்ப வரலாறுகளை எழுதி வைக்கும் பணியைத் தொடங்கியிருந்தார்கள். ஊதியமில்லாத தொண்டுதான். நானும் சேர்ந்துகொண்டேன். பெரியவர்களின் வீட்டுக்குப் போய்ப் பேச்சைச் செல்பேசியில் பதிவு செய்ய வேண்டும். எழுதியபின் அவர்களுக்கே படித்துக் காட்டித் திருத்த வேண்டும். ஒரு பிரதியைக் குடும்பத்தாரிடம் கொடுக்க வேண்டும்.

முதலில் நான் சந்தித்த பாட்டியம்மா, 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது ஆறு வயதுக் குழந்தையாகப் பெற்றோருடன் கால்நடையாக இந்தியா வந்து சேர்ந்தவர். நடக்க முடியாமல் போனபோது அவரைத் தோளில் தூக்கி வந்தவர் முன்பின் அறியாத ஒரு தெலுங்குக்காரராம். அருகில் உட்கார்ந்திருந்த அவருடைய மகனுக்கு அறுபது வயது. "இதை நீ சொன்னதே இல்லையே அம்மா!" என்றார். "யாரு கேட்டீங்க?" என்றார் பாட்டியம்மா.

உலகின் பல இடங்களில் தொண்டர்கள் இந்த வேலையைச் செய்து வருகிறார்கள். அமெரிக்காவில் 1894-இல் தோன்றிய யூட்டா வம்சாவளிச் சங்கம், 1938-லேயே பல நாட்டு ஆவணங்களை மைக்ரோபிலிமில் படமெடுக்கத் தொடங்கியது. ஹரித்வார் பஹிகளும் அதில் இடம்பெற்றன. சேர்ந்த சுமார் 24 லட்சம் சுருள்களும் கணினிப் படங்களாக மாற்றப்பட்டு, அந்தப் பணி 2021-இல் முடிந்தது. படங்களிலுள்ள பெயர்களைப் படித்து அட்டவணைப்படுத்துவதில் தொண்டர்களின் பங்கு பெரியது.

நமக்கு ஒரு தனிச் சிரமம் உண்டு. பெரும்பாலான தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வந்து நம்மைக் குழப்பும். நகரத்தார் சமூகத்தில் ஒன்பது கோயில்களும் திருமணமான ஒவ்வொரு தம்பதியையும் ஒரு 'புள்ளி'யாகக் கணக்கில் எழுதி வைக்கின்றன. மற்றவர்களுக்கு ஜாதகக் கட்டு, பழைய கல்யாணப் பத்திரிகை, பட்டா, கிரயப் பத்திரம் ஆகியவைதான் துணை.

தொண்டர்கள் முதலில் தங்கள் குடும்பப் படிவத்தை நிரப்ப வேண்டும் என்பது எங்கள் விதி. ஆச்சியின் பெயருக்கான கட்டம் காலியாகவே இருந்தது. திருநெல்வேலிப் பக்கம் இருக்கும் அத்தைக்குத் தொலைபேசியில் பேசினேன்.

"ஏல, இத்தனை வருசம் கழிச்சு எங்கம்மா பேரைக் கேக்கியா? பேச்சியம்மா-ல!" என்றார். அந்தக் கோடையில் ஊருக்குப் போனபோது டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு பழைய கிரயப் பத்திர நகலை எடுத்துக் கொடுத்தார்.

1961-இல் எழுதப்பட்டது அது. "தாத்தா வயலை விற்றுத்தான் என்னைத் தில்லிக்கு அனுப்பினார்" என்று அப்பா எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். பத்திரத்தில் விற்றவர் தாத்தா அல்லர். அவர் மனைவி பேச்சியம்மாள். அவருக்குப் பிறந்த வீட்டில் சீதனமாக வந்த அறுபது சென்ட் நஞ்சை அது. 'என் மூத்த குமாரன் உத்தியோக நிமித்தம் டெல்லி செல்லும் செலவுக்காக' என்று காரணம் எழுதியிருந்தது. கீழே கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கட்டை விரல் ரேகை.

நாங்கள் தில்லிக்காரர்கள் ஆனது அந்த ரேகையால்தான். இது அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்க இன்று அவர் இல்லை. தெரிந்திருந்தும் தாத்தாவின் பெயரைச் சொன்னாரோ, உண்மையிலேயே தெரியாதோ! நாலு வருஷம் முந்தியிருந்தால் கேட்டிருக்கலாம்.

அதனால்தான் அன்பர்களிடம் இந்த வேண்டுகோள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பெரியவர்கள் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். எந்த ஆண்டு, யார் முதலில் ஊரை விட்டுக் கிளம்பினார்கள், வழிச்செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, பாட்டிமார்களின் பெயர் என்ன என்று கேளுங்கள். பெட்டியில் இருக்கும் பத்திரங்களைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் எங்களுடன் வரலாம். சந்திக்க வேண்டிய பெரியவர்களின் பட்டியல் நீளமாக இருக்கிறது. எல்லோருக்கும் எண்பது வயதுக்கு மேல்.