தரவரிசையில் 361: லோயிஸ் புவாசோனின் டென்னிஸ் பயணம்

பெண்கள் டென்னிஸில் உலகத் தரவரிசை என்பது கடந்த 52 வாரங்களில் ஒருவர் தம் சிறந்த போட்டிகளில் ஈட்டிய புள்ளிகளின் கூட்டுத்தொகை. ஓராண்டு கடந்ததும் பழைய புள்ளிகள் கணக்கிலிருந்து கழிந்துவிடுவதால், காயமுற்று ஓய்வில் இருப்பவரின் இடம் அவருடைய ஆட்டத்திறன் குறையாமலே சரிந்துகொண்டு போகும். பிரான்ஸின் டிஜோன் நகரில் 2003ஆம் ஆண்டு பிறந்த லோயிஸ் புவாசோனின் பயணத்தை இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் அறிய இயலாது.

தரவரிசையில் இவ்வாறு பின்தங்கிய வீராங்கனைகள் பெரும்பாலும் ஆடுவது சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு நடத்தும் கீழ்நிலைப் போட்டிகளில். அவற்றுள் அடிமட்டமான போட்டியின் மொத்தப் பரிசுத்தொகையே 15,000 டாலர். அதையும் ஒற்றையரிலும் இரட்டையரிலும் ஆடுவோர் பலர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். விமானக் கட்டணம், தங்குமிடம், உணவு, பயிற்சியாளரின் சம்பளம் ஆகியவற்றைக் கழித்தால், கோப்பையை வென்றவருக்கும் கையில் மிஞ்சுவது சொற்பமே. மாறாக, 2025ஆம் ஆண்டு பிரெஞ்சு ஓபனின் முதல் சுற்றிலேயே தோற்று வெளியேறியவருக்கு 78,000 யூரோ கிடைத்தது. ஆகவே, பெரும்போட்டியின் வாயிலைக் கடந்து உள்ளே செல்வதுதான் இவர்களின் வாழ்வாதாரத்தையே தீர்மானிக்கிறது.

பிரெஞ்சு ஓபனின் 128 இடங்களில் 104 தரவரிசைப்படி நேரடியாக நிரப்பப்படுகின்றன. 16 இடங்கள் மூன்று தகுதிச் சுற்றுகளையும் வென்று வருவோருக்கு உரியவை. எஞ்சிய எட்டும் வைல்டு கார்டு, அதாவது போட்டியை நடத்துவோர் தம் விருப்பப்படி வழங்கும் சிறப்பு அனுமதி. இந்த அனுமதி பெரும்பாலும் சொந்த நாட்டவருக்கே செல்வதால், கிராண்ட்ஸ்லாம் எனப்படும் பெரும்போட்டிகளை நடத்தும் ஆஸ்திரேலியா, பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளின் வீராங்கனைகளுக்குக் கிடைக்கும் வாய்ப்பு, அதே தரவரிசையிலுள்ள பிற நாட்டவருக்குக் கிடைப்பதில்லை. இது நியாயமான ஏற்பாடு என்று சொல்வதற்கில்லை.

2024 மே மாதம் செயின்ட் மாலோவில் நடந்த இரண்டாம்நிலைப் போட்டியில் பட்டம் வென்ற புவாசோன், தரவரிசையில் 152ஆம் இடத்தை எட்டியிருந்தார். பிரெஞ்சு ஓபனுக்கு வைல்டு கார்டும் கைக்கு வந்துவிட்டது. போட்டி தொடங்க ஒரு வாரமே இருந்தபோது அவருடைய இடது முழங்காலின் முன்புற ஜவ்வு கிழிந்தது. அறுவை சிகிச்சையும் நீண்ட உடற்பயிற்சியும் தேவைப்பட்ட அந்தக் காயத்திலிருந்து மீண்டு 2025இன் தொடக்கத்தில் அவர் களம் திரும்பினார். அடுத்த சில மாதங்களில் செயின்ட் மாலோவில் ஈட்டிய புள்ளிகளும் காலாவதியாயின. மீண்டும் வைல்டு கார்டு பெற்றுப் பாரிஸில் ஆட வந்தபோது அவர் வகித்த இடம் 361.

முதல் சுற்றில் பெல்ஜியத்தின் எலிஸ் மெர்டென்ஸை வென்றவர், நான்காம் சுற்றில் உலகின் மூன்றாம்நிலை வீராங்கனையான ஜெசிக்கா பெகுலாவை, முதல் செட்டை இழந்த பின்னரும், 3-6, 6-4, 6-4 என்று வீழ்த்தினார். செங்கல் பொடி பரப்பிய களிமண் தரையில் பந்து மெதுவாக வந்து உயர எழும்பும்; பந்துக்கு மிகுந்த முன்சுழற்சி கொடுத்து அடிக்கும் அவருடைய ஃபோர்ஹேண்ட், அத்தரையில் எதிராளியைத் தோள் உயரத்தில் மட்டையை வீச வைத்துப் பின்னுக்குத் தள்ளியது. காலிறுதியில், உலகின் ஆறாம்நிலையில் இருந்த மிர்ரா ஆண்ட்ரீவாவுக்கு எதிரான முதல் செட்டை டைபிரேக்கரில், அதாவது 6-6 என்ற சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டத்தில், கைப்பற்றிய அவர், இரண்டாம் செட்டில் 0-3 எனப் பின்தங்கியிருந்து அடுத்தடுத்து ஆறு ஆட்டங்களை வென்று முடித்தார். அரையிறுதியில் கோக்கோ காஃபிடம் 1-6, 2-6 என்று தோற்றாலும், 2011இல் மரியோன் பார்டோலிக்குப் பிறகு அங்கு அரையிறுதி கண்ட முதல் பிரெஞ்சுப் பெண் அவரே. பரிசுத்தொகை 6,90,000 யூரோ. புதிய தரவரிசை 65.

அந்த எண்ணும் உடனே பயன்தரவில்லை. விம்பிள்டனுக்கான பட்டியல் பல வாரங்களுக்கு முன்பே முடிவாகிவிட்டிருந்ததாலும், வைல்டு கார்டு கிடைக்காததாலும், ஒரு கிராண்ட்ஸ்லாம் அரையிறுதிக்காரர் புல்தரையில் தகுதிச் சுற்றிலிருந்து தொடங்க நேர்ந்தது. முதல் ஆட்டத்திலேயே அவர் தோற்றார். அடுத்து, அதே ஜூலையில், மீண்டும் களிமண் தரையில், ஹாம்பர்க் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஹங்கேரியின் அன்னா பொண்டாரை வென்று, மகளிர் டென்னிஸ் சங்கத்தின் முதன்மைச் சுற்றில் தம் முதல் பட்டத்தை அவர் பெற்றார்.