பெங்களூரில் ஜப்பானியரின் ‘மெஸ்’

ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு முதலில் ஏங்குவது நாக்குதான். பெங்களூர்த் தமிழர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டு ரசம் போல் ஒரு ரசம் கிடைக்கும் என்றால் இரண்டு பஸ் மாறிப்போய்ச் சாப்பிடுவோர் உண்டு. அந்த ஏக்கம் ஜப்பானியருக்கும் உண்டு.

பெங்களூரை அடுத்த பிடதியில் 1999-ம் ஆண்டு இறுதியில் டொயோட்டா கார் உற்பத்தி தொடங்கியது. அங்கும் மற்ற கம்பெனிகளிலும் வேலை பார்க்க ஜப்பானியர் பலர் வந்தனர். நகரில் உள்ள சிறிய ஜப்பானிய உணவகங்களுக்கு அவர்களே முக்கிய வாடிக்கையாளர்கள். பெரிய ஓட்டல்களின் ஆடம்பரத்தை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. இது அவர்களுடைய ‘மெஸ்’!

அளவு சாப்பாடு

உட்கார்ந்ததும் கை துடைக்க ஈரத்துண்டு தருவார்கள். பகல் உணவுக்கு ‘தெய்ஷோகு’ கேட்கலாம். சோறு, மிசோ சூப், சுட்ட மீன் அல்லது இறைச்சி, கொஞ்சம் ஊறுகாய் எல்லாம் ஒரே தட்டில் வரும். நம் ஊர் அளவு சாப்பாடு மாதிரிதான். சோறு குச்சியால் எடுக்கும்படி சற்று ஒட்டும். குழைந்துவிட்டது என்று எண்ணவேண்டாம். அந்த அரிசியின் குணமே அது.

மாசியின் தம்பி

காரமும் இல்லை, புளிப்பும் இல்லை. பிறகு ருசி எங்கிருந்து வருகிறது? ‘தாஷி’ என்ற சாறுதான் ரகசியம். ஒருவகைக் கடல்பாசியும், சீவிய ‘கட்சுவோபுஷி’யும் போட்டு இதை இறக்குகிறார்கள். சூரை மீனை அவித்து, புகையூட்டி, கட்டை போல் இறுகும்வரை காயவைத்தால் கட்சுவோபுஷி. தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்தவர்களுக்கு உடனே மாசிக் கருவாடு நினைவுக்கு வரும். அதுவும் இதே சூரையில் செய்வதுதான்.

அந்தக் கடல்பாசியின் ருசிக்குக் காரணமான குளூட்டமேட்டை 1908-ல் பிரித்துக் காட்டியவர் டோக்கியோ பேராசிரியர் கிகுனே இகேடா. அந்த ருசிக்கு அவர் வைத்த பெயர் ‘உமாமி’.

சைவர்கள் கவனிக்க வேண்டியதும் இங்கேதான். மிசோ சூப்பில் மீன் துண்டு கண்ணில் படாது. ஆனால் மீன் சாறு கலந்திருக்கும். காய்கறியை மாவில் தோய்த்துப் பொரித்த ‘தெம்புரா’வுக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் சாறும் அப்படியே. ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. ‘மீன் சாறும் கூடாது’ என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய சோறும், அவித்த சோயா மொச்சையும் கேட்டு வாங்கலாம்.

குச்சியில் சாங்கியம்

குச்சி பிடிக்க வராவிட்டால் வெட்கப்பட வேண்டாம். சுஷியைக் கையாலேயே சாப்பிடலாம். ஜப்பானியரும் அப்படிச் சாப்பிடுவது உண்டு. சுஷியின் சோற்றுப் பக்கத்தை விட்டு மீன் பக்கத்தை மட்டும் சோயா சாறில் தொடவேண்டும். பச்சை நிற ‘வசாபி’யை சட்னி என்று நினைத்து அள்ளி வாயில் போட்டால் மூக்கு எரிந்து கண்ணீர் கொட்டும். கடுகளவு போதும்.

இரண்டு காரியங்கள் மட்டும் கூடவே கூடாது. சோற்றில் குச்சியைச் செங்குத்தாக நட்டு வைக்கக் கூடாது. அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவை மாற்றக் கூடாது. தகனத்துக்குப் பிறகு எலும்புகளை அங்கே அப்படித்தான் எடுப்பார்கள். சாவு வீட்டுச் சடங்கை விருந்துப் பந்தியில் செய்தால் நமக்கு எப்படி இருக்கும்?

சாப்பிட்டு எழும்போது ‘கோச்சிசோசமா’ என்று சொல்வது அவர்கள் வழக்கம். விருந்துக்கு நன்றி என்று பொருள். பக்கத்து மேஜையில் தனியாக உட்கார்ந்து மிசோ சூப் குடிப்பவருக்கு அந்தச் சொல் காதில் விழுந்தால் கட்டாயம் திரும்பிப் பார்ப்பார். தெரியாத ஊரில் யாரோ நம்மிடம் ‘சாப்பிட்டாச்சா?’ என்று தமிழில் கேட்டால் நாம் திரும்பிப் பார்க்க மாட்டோமா!