இளநாற்று நடுகையும் வறிய கமக்காரரும்

நெல் விளைவைப் பெருக்க எண்ணும் கமக்காரரின் முதற் கவலை பணமேயாகும். புதுவிதை, செயற்கைப் பசளை, களைநாசினி ஆகிய யாவும் விலைக்கு வாங்கவேண்டியவை. கையிற் பணமில்லாதவர் கடன்பட்டு அவற்றை வாங்குகின்றனர். விளைவு பிழைத்தால் கடன் மாத்திரமே எஞ்சும். வாங்கும் பொருள்களைக் கூட்டாது, நாற்றையும் நீரையும் மண்ணையும் கையாளும் முறையை மாற்றியே விளைவைக் கூட்டலாம் என்பதை மடகஸ்கார் தீவில் இலாபநோக்கற்ற சங்கமொன்று எடுத்துக்காட்டியது. அம்முறை யாருக்குப் பயன்பட்டது, யாரால் அதனைத் தொடர முடியவில்லை என்பவை இலங்கைக் கமக்காரரும் அறியத்தக்கன.

மடகஸ்காரின் நிலை

மடகஸ்கார் மக்களின் முதன்மையான உணவு சோறு. எனினும் சிறுகமக்காரர் பலருக்கு ஓர் அறுவடையின் நெல் அடுத்த அறுவடைவரை போதுவதில்லை. வயலில் நெல் பச்சையாக நிற்கும் மாதங்களே வீட்டிற் பசி மிகும் மாதங்களாகும். தீவின் கிழக்கு மலைச்சரிவுகளில் காட்டை வெட்டி எரித்து மேட்டுநெல் விதைப்பர். சில ஆண்டுகளில் மண் கழுவுண்டு வளம் குன்றவே, வேறு காட்டை நாடுவர். இதனால் காடும் அழிந்தது, வறுமையும் நீங்கவில்லை.

சங்கத்தின் தோற்றம்

பிரான்சு நாட்டினரான ஹென்றி டி லொலானியே என்னும் இயேசுசபைத் துறவி 1961ஆம் ஆண்டு மடகஸ்காருக்கு வந்தார். துறவு பூணுமுன் விவசாயக் கல்வி பெற்றிருந்த அவர், கமக்காரரின் வயல்களிலேயே நெற்பயிரைக் கூர்ந்து கவனித்து வந்தார். 1983ஆம் ஆண்டில் அன்ட்சிராபே நகரிலுள்ள அவரது விவசாயப் பாடசாலையில், ஏறக்குறைய 15 நாள் வயதான நாற்றுகளை வழக்கத்துக்கு முன்னரே நடவேண்டிய நிலை ஏற்பட்டது. தொடக்கத்தில் நலிந்து தோன்றிய அந்நாற்றுகள், பின்னர் எவரும் எதிர்பாராத அளவில் மட்டம் வெடித்தன. தற்செயலாகக் கண்ட இவ்வுண்மையை அவர் மேலும் ஆராய்ந்து ஒரு செய்கைமுறையாக வகுத்தார். முதலில் அவர் செயற்கைப் பசளையையே பயன்படுத்தினார். அரசாங்கம் பசளைக்கான உதவுதொகையை நிறுத்தியபோது, வறியவருக்கு எட்டக்கூடியது கூட்டெருவே எனக் கண்டு அதற்கு மாறினார்.

இம்முறையைப் பரப்புவதற்காக 1990ஆம் ஆண்டு அவரும் மலகாசி நண்பர்களும் ‘தெபி சைனா’ என்னும் சங்கத்தை நிறுவினர். மனத்தைப் பண்படுத்துதல் என்பது அப்பெயரின் கருத்து. லொலானியே 1995ஆம் ஆண்டு காலமானார். சங்கத்தினர் பணியைத் தொடர்ந்தனர்.

செய்கைமுறை

1. நாற்று: 8 முதல் 12 நாள் வயதான, இரண்டு இலை விட்ட நாற்றை நடவேண்டும். நெற்பயிரின் மட்டங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றாகக் கிளைப்பவை. நாற்று முதிர்ந்தபின் பிடுங்கினால் முதன் மட்டங்களும் அவற்றிலிருந்து கிளைக்கக்கூடியவையும் இழக்கப்படும்.

2. நடுகை: நாற்றுமேடை வயலுக்கு அண்மையில் இருத்தல் நன்று. வேரில் ஒட்டிய மண்ணுடன் நாற்றைத் தூக்கி, அரைமணி நேரத்துள் ஆழமின்றி நடவேண்டும். வேரின் நுனி மேல்நோக்கி வளையலாகாது.

3. இடைவெளி: குழிக்கு ஒரு நாற்றாக, 10 அங்குலத்துக்கு 10 அங்குலம் சதுரமாக நடவேண்டும். இவ்வாறு நடுவதற்கு ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோகிராம் விதைநெல் போதும்.

4. நீர்: பயிர் வளரும் காலத்தில் மண் ஈரமாயிருத்தல் வேண்டும், எந்நேரமும் நீர் தேங்கலாகாது. தேங்கிய நீரில் காற்றின்றி வேர் நலிவுறும். கதிர் உருவாகும் காலம் முதல் மெல்லிய அளவு நீர் நிறுத்தலாம்.

5. களைகட்டல்: நீர் தேங்காத வயலில் களை மிகும். நட்டு 10 அல்லது 12 நாளில் சுழற்களைகட்டியை வரிசைகளுக்கிடையே இருபுறமும் ஓட்டவேண்டும். பயிர் நிலத்தை மூடும்வரை இதனை மும்முறையேனும் செய்தல் வேண்டும். களை மண்ணுள் அமிழ்ந்து எருவாகும். மண்ணுட் காற்றும் புகும்.

6. எரு: கூட்டெருவை இயன்ற அளவு இடவேண்டும். நெல் அறுத்த வயலில் உருளைக்கிழங்கு, அவரையினப் பயிர் முதலியன செய்து, எருவை அவற்றுக்கு இட்டால், எஞ்சிய வளம் அடுத்த நெற்பயிருக்குக் கிடைக்கும். மரக்கறி செய்வோருக்கு இது இரட்டைப் பயன் தரும்.

கண்ட பயன்

1994ஆம் ஆண்டு முதல் இச்சங்கம், அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து ரனோமபானா தேசிய வனத்தைச் சூழ்ந்த ஊர்களில் பணிபுரிந்தது. தாழ்நில வயலின் விளைவு பெருகினால் காட்டை எரிக்கும் தேவை குறையும் என்பது நோக்கமாகும். அங்கு ஹெக்டேயருக்கு 2 தொன், அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ 40 புசல் பெற்றுவந்த கமக்காரர், இம்முறையால் சராசரி 8 தொன், அதாவது ஏறத்தாழ 155 புசல் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. இதனிலும் மிக உயர்ந்த விளைவு பெற்றதாகக் கூறப்பட்டவற்றை நெல் ஆராய்ச்சியாளர் சிலர் ஏற்றுக்கொள்ளவில்லை. மண்ணுக்கும் நீருக்கும் உழைப்புக்கும் ஏற்ப விளைவு வேறுபடுமாதலின், அத்தொகையை எல்லா வயல்களிலும் எதிர்பார்த்தல் தகாது.

கைவிட்டவர் யார்?

பணச்செலவு குறைந்த இம்முறையை வறியவரே முதலிற் கைக்கொள்வர் என்று எண்ணத் தோன்றும். நடந்ததோ வேறு. மடகஸ்காரில் நடத்தப்பட்டு 2003ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, தொடங்கிய பலர் பின்னர் இதனைக் கைவிட்டதையும், மிக வறியவருக்கே இதனைத் தொடர்தல் அரிதாயிருந்ததையும் காட்டியது.

காரணம் உழைப்பேயாகும். கவனமாக நடுவதற்கும், நீரை நாடோறும் பார்ப்பதற்கும், களைகட்டுவதற்கும் ஆட்களின் வேலை மிகுதியாக வேண்டும். அவ்வேலை வரும் காலமோ வீட்டில் நெல் தீர்ந்த காலம். அன்றைய உணவுக்குப் பிறர் வயலிற் கூலிவேலை செய்பவர், சில மாதங்களின் பின் வரும் விளைவுக்காகத் தம் வயலில் நிற்கமுடியாது. அறுவடை இரட்டிப்பாகும் என்று அவர் அறிந்திருந்தாலும், அன்றிரவு உலையில் இட அரிசி வேண்டுமன்றோ? ஆகவே வறுமையை நீக்க விரும்பும் சங்கங்கள் முறையைப் போதிப்பதோடு நின்றுவிடலாகாது. பசிமாதங்களைக் கடப்பதற்கான நெற்சேமிப்பு, சிறுகடன், கூட்டுழைப்பு ஆகியவற்றையும் ஒழுங்கு செய்தல் வேண்டும்.

இலங்கைக் கமக்காரர் கவனிக்கவேண்டியவை

இலங்கையிலும் 2000ஆம் ஆண்டளவிலிருந்து கமக்காரர் சிலர் இம்முறையைச் செய்துபார்த்துள்ளனர். புதிதாகத் தொடங்குவோர் பின்வருவனவற்றை மனத்திற் கொள்க.

முதற் போகத்தில் காற்பங்கு ஏக்கருக்கு மேற்படாது செய்க. வீட்டார் தாமே களைகட்டக்கூடிய அளவே தக்க அளவு.

வயலை நன்கு மட்டப்படுத்துக. பள்ளத்தில் நீர் தேங்கினால் இளநாற்று அழுகும்.

நீரை வேண்டியபோது விடவும் வடிக்கவும் வசதியில்லாத வயலும், உவர்நிலமும் இம்முறைக்கு ஏற்றனவல்ல. உவர்நிலம் காய்ந்தால் உப்பு மேலெழும்.

அயலவர் நால்வர் ஐவர் சேர்ந்து, வெவ்வேறு நாட்களில் நாற்றிட்டு, ஒருவர் வயலில் மற்றவர் மாறிமாறி உழைத்தால், கூலிச்செலவின்றி நடுகையையும் களைகட்டலையும் உரிய நாளில் முடிக்கலாம்.

விளைவை அளந்து, செலவான வேலைநாட்களையும் எழுதிவைத்து, பழைய முறையிற் செய்த வயலுடன் ஒப்பிடுக. வயலின் நிலைக்கேற்ற மாற்றங்களைப் பற்றி அப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம். கணக்கு நன்மையைக் காட்டினால் அடுத்த போகத்தில் பரப்பைக் கூட்டுக. காட்டாவிடின் காற்பங்கு ஏக்கரோடு நட்டம் நின்றுவிடும்.