வரவேற்பறைக்கு ஒரு ஜெல்லி மீன்

சட்டம் போட்டு மாட்டுவதற்கென்றே விற்கப்படும் பழைய கடலுயிர் ஓவியங்களில் எர்ன்ஸ்ட் ஹெக்கலின் படம் அடிக்கடி தட்டுப்படும். ஜெர்மனியின் யேனா நகரில் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர். 1899 முதல் 1904 வரை தவணைக்குப் பத்துப் படமாக அவர் வெளியிட்ட ‘இயற்கையின் கலை வடிவங்கள்’ நூலில் மொத்தம் 100 படத்தாள்கள். வௌவாலும் ஆர்க்கிட் மலரும் உண்டுதான். ஆனால் புத்தகத்தை ஆள்வது கடல்.

அறிவியல் படத்தை வரவேற்பறையில் மாட்டலாமா என்று தயங்க வேண்டியதில்லை. கலைஞர்கள் எடுத்தாளட்டும் என்றே ஹெக்கல் இதைத் தயாரித்தார். அவர்களும் விடவில்லை. 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியின் நுழைவாயிலை ரெனே பினே வடிவமைத்தபோது, முன்மாதிரியாகக் கொண்டது ஹெக்கல் வரைந்த ரேடியோலேரியா என்ற கடல் நுண்ணுயிரிகளை. மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தில் ஜெல்லி மீன் உருவிலேயே ஒரு சரவிளக்கு தொங்குகிறது. ஹெக்கல் மட்டும் சும்மா இருந்தாரா? யேனாவில் கட்டிய வீட்டுக்கு ‘வில்லா மெடூசா’ (மெடூசா என்றால் ஜெல்லி மீன்) என்று பெயர் வைத்து, உள்கூரையிலும் ஜெல்லி மீன்களை வரையச் செய்தார்.

இந்த மோகத்துக்குப் பின்னால் உழைப்பும் இருந்தது. ரேடியோலேரியா என்பவை சிலிக்காவால் எலும்புக்கூடு கட்டிக்கொள்ளும் ஒற்றைச்செல் உயிரிகள். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாதவை. 1872–76 கடலாய்வுப் பயணத்தில் சேலஞ்சர் கப்பல் அள்ளிவந்த மாதிரிகளிலிருந்து மட்டும் 3,500க்கும் மேற்பட்ட புதிய இனங்களை அவர் விவரித்தார். 1881 கடைசியில் இலங்கைக்கு வந்து, வெலிகமவில் தங்கிக் கடலுயிர் சேகரித்ததும் உண்டு.

ஜெல்லி மீனுக்கு ஓவியம் வேறு வகையிலும் அவசியமாக இருந்தது. சாராயத்தில் போட்டுவைத்தால் அது சுருங்கி, வெளிறி, இன்னதென்று தெரியாமல் போய்விடும். நிறத்தைக் காப்பாற்ற அன்று வரைவதுதான் வழி. எட்டாவது படத்தாளைப் பாருங்கள். நடுவில் பெரிதாக நிற்கும் ஜெல்லி மீனின் உணர்விழைகள் அலையலையாய் அவிழ்ந்து விழுகின்றன. பெயர் டெஸ்மோனெமா அன்னசேத்தே. 1864இல், ஹெக்கலின் 30ஆவது பிறந்தநாளன்றே இறந்துபோன மனைவி அன்னா சேத்தேயின் பெயர் அது.

ஹெக்கலின் ஓவியங்களைக் கல்லச்சுக்கு மாற்றியவர் அடோல்ஃப் கில்ச். எண்ணெயும் நீரும் ஒட்டாது என்பதுதான் கல்லச்சின் சூட்சுமம்: எண்ணெய்ப் பசையுள்ள மையால் கல்லில் வரைந்து, கல்லை ஈரமாக்கி மை உருட்டினால் வரைந்த இடம் மட்டும் மையை வாங்கும். வண்ண அச்சுக்கு நிறத்துக்கு ஒரு கல். அசல் தாள் என்று யாராவது விலை சொன்னால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால மறுபதிப்பாக இருக்கலாம். கல்லச்சின் புள்ளிகள் தாறுமாறாகத்தான் சிதறியிருக்கும்.

என் குறை ஹெக்கல் வரைந்த உருவங்களின் ஒழுங்கின் மேல்தான். இயற்கை இவ்வளவு கச்சிதமானதல்ல. உயிர்களின் அடியில் ஒரு வடிவக் கணக்கு ஓடுவதாக ஹெக்கல் நம்பினார். கோணலை நிமிர்த்தி, இருபக்கமும் சமன்செய்து வரைந்தார். கருவளர்ச்சிப் படங்களிலும் இப்படிக் கைவைத்தார் என்று சமகால அறிவியலாளர்களிடம் வசமாக வாங்கிக் கட்டிக்கொண்டார். சுவரில் தொங்குவதில் பாதி கடல், பாதி ஹெக்கல்.

அளவும் ஏமாற்றும். கண்ணுக்குத் தெரியாத ரேடியோலேரியாவும் கைகொள்ளாத ஜெல்லி மீனும் ஒரே அளவுத் தாளில் ஒரே மிடுக்கோடு நிற்கின்றன. எது எது, எத்தனை மடங்கு பெரிதாக்கியது என்பதெல்லாம் மூல நூலின் விளக்கப் பக்கத்தில் இருக்கிறது. விற்பவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால், பல்லுயிர்ப் பாரம்பரிய நூலகத்தின் இணையதளத்தில் முழுப் புத்தகமும் இலவசம். படத்தோடு விளக்கப் பக்கத்தையும் இறக்கி அச்சிட்டுச் சட்டத்தின் முதுகில் செருகிவிடலாம். நேர்வெயில் படும் சுவரும் மழைக்கு ஓதம் ஏறும் சுவரும் வேண்டாம்.